மலிவும் குடியும் : காவிரிப் படுகையில் நெல்விலை வீழ்ந்த இரு காலங்கள்

மலிதல் என்னும் வினைச்சொல் பழந்தமிழில் நிறைதல், மிகுதல் என்னும் பொருள்களில் பயின்று வந்தது. அதன் அடியாகப் பிறந்த மலிவு என்னுஞ் சொல்லோ, பிற்கால வழக்கில் விலைக்குறைவையே பெரிதும் குறிப்பதாயிற்று. விளைவு மிகுந்துழி விலை குறையும் என்னும் உலகியல்பு, இலக்கணம் அறியாத மக்கள் வாயிலேயே ஒரு சொல்லின் பொருள் வளர்ச்சியாக அமைந்துவிட்டமை கருதத்தக்கது. எனினும் இச்சொல் நெல்லை வாங்கி உண்பான் வாய்ச்சொல்லே. விளைத்து விற்பான் வாய்ச்சொல் அன்று. வாங்குவானுக்கு மலிவு நற்காலம். விற்பானுக்கு அது யாது என்பதற்கு நம் மொழியில் தனிச்சொல் ஒன்று உண்டாகவில்லை. பஞ்சத்தைச் சுட்டுவதற்கு மட்டும் வற்கடம், கருப்பு, பஞ்சம் எனப் பல சொற்கள் உள.

வரலாற்றெழுத்தும் இவ்வழியே சென்றுளது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தைப் பற்றி எழுந்த நூல்களும் அறிக்கைகளும் பல. நெல் மிகுந்தும் குடிகள் நொந்த காலங்களைப் பற்றிய ஆய்வோ மிகச் சிலவாகும். பஞ்சத்தில் மாந்தர் மடிவர், எலும்புக்கூடுகள் சான்றாகும். மலிவில் மாந்தர் மடிவதில்லை. பட்டா மட்டும் கைமாறும். அதனால் அது கண்ணில் படுவதில்லை போலும்.

காவிரிப் படுகையில், அஃதாவது பழைய தஞ்சை மாவட்டப் பகுதியில், நெல்விலை நெடிது வீழ்ந்துகிடந்த காலங்கள் இரண்டினை யாம் ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். ஒன்று 1825-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கி 1854 வரை நீடித்தது. மற்றொன்று 1929-இல் தொடங்கிய உலகப் பெருமந்தத்தின் வழிவந்தது. இவ்விரு காலத்தும் குடிகள் யாது செய்து பிழைத்தனர் என்பதே எம் வினா. அதற்கு விடை காண்பதற்கு, விலை எவ்வளவு வீழ்ந்தது என்பதனை அறிந்தால் மட்டும் போதாது. குடி செலுத்தவேண்டிய கடமை நெல்லாலே அளக்கப்பட்டதா, நாணயத்தாலே எண்ணப்பட்டதா என்பதனையும் அறிதல் வேண்டும் என்பது எம் கருத்து. இக்கருத்தை நிறுவ முதற்கண் சோழர் காலத்தைச் சிறிது நோக்குவாம்.

தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுக்கள், கோயிற் பண்டாரத்திலிருந்து ஊர்ச்சபைகள் காசு பெற்று, அதற்குப் பொலிசையாக ஆண்டுதோறும் நெல் அளந்த செய்தியைத் தெரிவிக்கின்றன. காசு ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு முக்குறுணி நெல் என்பது அப்பொலிசை வீதம். அளக்குங் கருவி ஆடவல்லான் என்னும் மரக்கால். காசுக்கு இருகலம் என்னும் விலையும் அக்கல்வெட்டுக்களில் காணப்படுதலின், கலம் பன்னிரு குறுணியாகக் கொண்டு கணக்கிடுங்கால் பொலிசை நூற்றுக்குப் பன்னிரண்டரை ஆகின்றது. இக்கணக்கைப் பலரும் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆயின் அவர் நின்று நோக்காத கூறு ஒன்று உண்டு. முதல் காசாக இருக்க, பொலிசை நெல்லாக வரையறுக்கப்பட்டமையால், நெல் மலிந்து காசுக்கு நாற்கலம் ஆயினும் ஊரார் அளக்கவேண்டுவது அதே முக்குறுணிதான். மலிவால் வரும் இழப்பு கோயிலைச் சாரும். அருமையால் வரும் பேறும் கோயிலையே சாரும். குடிகளின் கணக்கு களத்தோடு முடிந்தது.

சோழர் காலத்துக் கடமைகள் யாவும் நெல்லாகவே இருந்தன என்று இதனால் கூறிவிடுதல் பிழையாகும். பொன்னாகவும் காசாகவும் இறுக்கப்பட்ட ஆயங்களும் அக்கல்வெட்டுக்களிலேயே உள. எனினும் நன்செய் நிலத்தின் பெருங்கடமை நெல்லில் நின்றது என்பதில் ஐயமில்லை. விலை கூறும் முறையும் இதற்கேற்பவே அமைந்தது. காசுக்கு இத்தனை கலம் என்பதே பழைய வழக்கு. ரூபாய்க்கு இத்தனை படி என்று நாட்டுப்புறத்தார் அண்மைக்காலம் வரை கூறியதும் அதன் வழிவந்ததே. மாறாது நின்ற அளவுகோல் நாணயம் என்பதும், ஏறியிறங்கும் பொருள் நெல் என்பதும் இம்முறையில் இயல்பாகப் புலப்படுவன.

மராட்டியர் காலத்தில் அமானி என்னும் முறையால் அரசு களத்திலேயே தன் பங்கு நெல்லைப் பெற்றது. 1799-இல் சரபோசி மன்னரோடு செய்த உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் ஆட்சி ஆங்கிலக் கும்பினியார் கைக்குச் சென்றது. கும்பினியார்க்கு வேண்டியது நெல்லன்று, நாணயம். படைவீரர்க்குச் சம்பளமும், சீமைக்கு அனுப்பும் பணமும், கொள்முதற்கு முன்பணமும் நெல்லால் ஈடுசெய்யத்தக்கன அல்ல. ஆதலின் மேல்வாரமாகிய நெல் விலைமதிக்கப்பட்டுப் பணத்தீர்வையாக மாற்றப்பட்டது. அம்மாற்றம் நிகழ்ந்த காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம். போர்களாலும் வறட்சியாலும் விலை உயர்ந்திருந்த காலம். அவ்விலையைக் கொண்டு கணித்த தீர்வை, விலை இறங்கியபின்னும் இறங்காது நின்றது. பிற்காலக் குடிகளின் துன்பத்துக்கு வித்து ஈண்டே இடப்பட்டது என்னலாம்.

1825-க்குப் பின்னர்ச் சென்னை மாகாணம் முழுவதும் தவசங்களின் விலை வீழ்ந்தது. இடையே 1833-இல் குண்டூர்ப் பகுதியைப் பாழாக்கிய பஞ்சம் போன்ற கொடுங்காலங்களில் விலை ஏறியதும் உண்டு. அவை நீங்கியவுடன் மீண்டும் வீழ்ந்தது. இவ்வீழ்ச்சியைத் தனி ஆய்வுப்பொருளாகக் கொண்டு முதன்முதல் எழுதியோர் பி. ஜே. தாமசும் பா. நடராசனுமாவர். 1936-இல் வெளிவந்த அவர்தம் கட்டுரை, நாணயத் தட்டுப்பாட்டையே தலையாய காரணமாகக் காட்டிற்று. நெசவுப் பொருள் ஏற்றுமதி குன்றியமையால் உள்வரும் வெள்ளி குறைந்தது. வரியாகத் திரண்ட பணத்தில் ஒரு பகுதி நாட்டைவிட்டு வெளிச்சென்றது. 1818-இல் வராகனுக்கு மாற்றாக வெள்ளி ரூபாய் சென்னை மாகாணத்துக்குரிய நாணயமாக்கப்பட்டமையால் பொன் நாணயம் புழக்கத்தினின்று விலகியது. ஒருபுறம் தீர்வை முழுவதும் நாணயத்தால் கேட்கப்பட, மறுபுறம் நாணயம் அருகியது. தாமசும் நடராசனும் இதனை எழுதிய காலம் அடுத்த வீழ்ச்சியின் நடுப்பகுதி என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. தம் காலத்து நோயே முன்னோர் நோயை அவர்க்குக் காட்டிற்று.

விளைவுப் பெருக்கமே காரணம் என்பாரும் உளர். படுகையைப் பொறுத்தவரை இதனை முற்றும் தள்ளுதல் இயலாது. ஆர்தர் காட்டன் 1836-இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டியபின்னர்க் காவிரிக் கிளைகளில் நீர் உறுதிப்பட்டது; சாகுபடியும் விரிந்தது. வழியில்லாத நாட்டில் மிகுந்த நெல், மாட்டுவண்டி செல்லும் தொலைவுக்குள்ளேயே தேங்கும். ஆயினும் புன்செய்த் தவசமே விளையும் பெல்லாரி முதலிய வறண்ட மாவட்டங்களிலும் விலை வீழ்ந்தமைக்கு அணைநீர் காரணமாகாது. ஆதலின் நாணய அருமையே அடிப்படை. விளைவுப் பெருக்கம் படுகையில் அதற்குத் துணையாயிற்று என்று கொள்ளுதல் பொருந்தும்.

இக்காலத்துக் குடிகள் கைக்கொண்ட வழிகள் எவை? இரயத்துவாரி முறையில் குடியானவன் தான் விரும்பாத நிலத்தை ஆண்டு முடிவில் விட்டொழிக்க இடமிருந்தது. புன்செய் மாவட்டங்களில் பலர் அதனைச் செய்தனர்; தீர்வை மிக்க நல்ல நிலத்தைக் கைவிட்டுத் தீர்வை குறைந்த கரம்பை உழுதனர். விலை வீழ்ச்சியால் மண்ணுக்கேற்ற உழவு போய்த் தீர்வைக்கேற்ற உழவு வந்தது. வேறு சிலர் ஊரைவிட்டு அகன்றனர். மொரீசுத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கும் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டுக் கூலியாட்கள் சென்றது 1830-களிலிருந்து பெருகியது. அப்பெயர்ச்சிக்குக் காரணங்கள் பல. தவச விலையின் வீழ்ச்சியை அவற்றுள் ஒன்றாக எண்ணாதார் அரியர்.

தஞ்சை மிராசுதாரர் வேறொரு வழி கண்டனர். அவர்கள் நிலத்தை விடவில்லை. நீருள்ள நன்செய்யை விடுவார் யார்? அதற்கு மாறாகத் தீர்வையை விலையோடு பிணைக்குமாறு கேட்டுப் பெற்றனர். 1820-களில் வந்த அவ்வேற்பாட்டுக்கு ஒழுங்கு என்று பெயர். ஆங்கிலப் பதிவேடுகளில் இச்சொல் உலுங்கு என உருத்திரிந்து காணப்படுதலின், அதனைப் பாரசீகச் சொல்லென மயங்குதல் கூடாது. இதன்படி ஊர்க்கு இத்தனை கலம் என மேல்வாரமும், கலத்துக்கு இவ்வளவு என நிலைவிலையும் வரையறுக்கப்பட்டன. அவ்வாண்டு விலை நிலைவிலையினின்றும் குறித்த எல்லைக்குமேல் ஏறின் அரசுக்கு மிகுதியும், எல்லைக்குக்கீழ் இறங்கின் குடிகளுக்குத் தள்ளுபடியும் கிடைக்கும். நாணய வரியினுள்ளே பழைய நெல்வரியின் தன்மை மறைந்து வாழ்ந்த ஏற்பாடு இது. மாகாணத்தின் பிற பகுதிகள் நலிந்த அளவு தஞ்சை நலியாமைக்கு ஆற்றுநீர் மட்டுமன்றி ஒழுங்கும் ஒரு காரணம் என்று யாம் கருதுகின்றோம். ஒழுங்கு பெற்றோர் மிராசுதாரரே. பிற மாவட்டத்துச் சிறுகுடிகளுக்கு இத்தகைய பேறு வாய்க்கவில்லை. அவர்பால் வரி தண்டிய முறை எத்தகையது என்பதனை, 1854-இல் அமைக்கப்பட்ட சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை கூறும். எலியட், சுடோக்சு, நார்ட்டன் என்னும் மூவர் 1855-இல் அளித்த அவ்வறிக்கையில் வெயிலில் குனிந்து நிற்கவைத்தல் முதலிய செயல்கள் விரிவாகப் பதிவாகியுள்ளன. விலைவீழ்ச்சி பற்றிய ஆவணமாகவும் அதனைக் கற்றல் வேண்டும்.

1854-க்குப்பின் விலை ஏறத் தொடங்கியது. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாசா ரோடு வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1861 முதல் அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்திப் பணம் உள்வந்தது. விலை ஏறியபோது தஞ்சை மிராசுதாரர்க்கு ஒழுங்கு சுமையாகத் தோன்றிற்று. இறங்குங்கால் காத்த ஏற்பாடு ஏறுங்கால் மிகுவரி கேட்டமையின், 1860-ஐயொட்டி அது நீங்கி நிலைத்த பணத்தீர்வை வந்தபோது அவர்கள் வருந்தவில்லை. குடிகள் எக்காலத்தும் நெல்வரியையே விரும்பினர் என்று எண்ணுவார் இதனை நோக்குவாராக. விலையேறும் காலத்தில் பணவரியைப் போல் இனியது பிறிதில்லை. அடுத்த எழுபது ஆண்டு பெரும்பான்மையும் விலையேறும் காலமாகவே இருந்தமையால், தஞ்சையின் செல்வரும், அவர்தம் மக்கள் பெற்ற உயர்கல்வியும், ஊர்தோறும் எழுந்த மாடி வீடுகளும் அவ்வேற்றத்தின் பயன்களாயின.

1858-இல் தோன்றிய நிலவரித் திட்டத் துறை, நிகர விளைவில் பாதியை அரசுக்குரியதாகக் கொண்டு, பஞ்ச ஆண்டுகள் நீங்கிய இருபதாண்டு விலைகளின் சராசரியால் அதனைப் பணமாக்கி, முப்பதாண்டுக்கு மாறாத தீர்வை விதித்தது. சென்ற காலத்து விலையைக் கொண்டு வருங்காலத்து முப்பதாண்டை அளக்கும் இம்முறை, விலை ஏறும்வரை குடிகளுக்கு ஊதியமாயிருந்தது. முப்பதாண்டு முடிந்து மறுதிட்டம் வந்தபோது, இடையில் ஏறிய விலையைக் காட்டித் தீர்வை உயர்த்தப்பட்டது. கிருட்டிணா, கோதாவரிப் படுகைகளில் நூற்றுக்குப் பதினெட்டே முக்கால் விழுக்காடு உயர்வு கூறப்பட்டது; ரூபாய்க்கு மூன்றணா என்று மக்கள் இதனைக் கூறுவர். தஞ்சையிலும் 1920-களில் தீர்வை உயர்ந்தது. உயர்த்திய மை உலர்வதற்குள் விலை வீழ்ந்தது என்று கூறினும் பெரிதும் மிகையாகாது.

இரண்டாம் வீழ்ச்சி படுகையில் தோன்றியதன்று. கடல் கடந்து வந்தது. 1852-இல் கீழ்ப்பர்மா ஆங்கிலர் வசமானபின் ஐராவதிப் படுகையின் காடுகள் அழிக்கப்பட்டு நெல்வயல்களாயின. 1920-களின் இறுதியில் பர்மா ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ முப்பது இலட்சம் டன் அரிசி ஏற்றுமதி செய்து உலகில் முதலிடம் பெற்றிருந்தது. அவ்வயல்களைத் திருத்தியதற்கு முதலீந்தோருள் செட்டிநாட்டு நகரத்தார் தலைசிறந்தோர். அவர்கள் பர்மாவில் இட்டிருந்த கடன்முதல் 75 கோடி ரூபாய் என 1930-இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. காவிரிப் படுகை நெல்லோடு போட்டியிட்ட நெல், காவிரிக்குத் தெற்கே வாழ்ந்த தமிழர் பணத்தால் விளைந்தது என்பது இவ்வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. தஞ்சை நெல்லுக்கு நெடுங்காலம் சந்தையாயிருந்த இலங்கையையும் மலையாளக் கரையையும் பர்மா அரிசி பையப் பையக் கைக்கொண்டது.

அரிசியை வாங்கிய கிழக்காசிய நாடுகள் அதே காலத்தில் கதவடைத்தன. 1918-இல் அரிசிக் கலகங்களைக் கண்ட சப்பான், தன் ஆட்சிக்குட்பட்ட கொரியாவிலும் தைவானிலும் நெல் விளைவைப் பெருக்கி, அயல்நாட்டு அரிசியைத் தடுத்தது. 1933-இல் சீனம் அரிசிக்கு இறக்குமதி வரி விதித்தது. வாங்குவாரற்ற சயாம் அரிசியும் சைகோன் அரிசியும் சென்னைத் துறைமுகத்தை நாடின. அவற்றுள் குருணை மிகமலிவாக இறங்கியமையின், 1935-இல் இந்திய அரசு குருணைக்கு மணங்கு ஒன்றுக்குப் பன்னிரண்டணாச் சுங்கம் விதித்தது. பர்மா அப்போது இந்தியாவின் பகுதி. 1937 ஏப்பிரலில்தான் அது பிரிக்கப்பட்டது. ஆதலின் பெருவெள்ளமாகிய பர்மா அரிசிக்கு மடை இல்லை. சிறுவாய்க்காலாகிய சயாம் குருணைக்கே மடை கட்டப்பட்டது.

1929-க்கும் 1933-க்கும் இடையே சென்னை மாகாணத்தில் நெல்விலை ஏறத்தாழப் பாதியாயிற்று. இதன் பொருளை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் விளக்குவாம். ஒருவன் ஆண்டுத் தீர்வை 90 ரூபாய் எனவும், கலம் மூன்று ரூபாய் எனவும் கொள்ளின், அவன் முப்பது கலம் விற்றுத் தீர்வை செலுத்துவான். கலம் ஒன்றரை ரூபாயாகும்போது அறுபது கலம் விற்றல் வேண்டும். அவன் கடன்பட்டவனாயின் வட்டிக்கும் அவ்வாறே இருமடங்கு. உண்பதற்கும் விதைக்கும் கூலிக்கும் வைக்கும் நெல் குறையாது. ஆதலின் விற்பனைக்கு மிஞ்சும் நெல்லே இவ்விருமடங்கு நெருக்கத்தையும் தாங்குகின்றது. விலை பாதியாக, குடியின் கையிருப்புப் பாதியாகவில்லை, முற்றும் இலதாயிற்று.

விலை குறையின் விளைவைக் குறைக்கலாமே என்பார்க்கு விடை இக்கணக்கிலேயே உளது. பணமாக நிற்கும் கடமையைச் செலுத்த மிகுதியான நெல் வேண்டும். மிகுதியான நெல்லுக்கு மிகுதியான உழவு வேண்டும். தனியொருவனுக்கு அறிவாயிருப்பது ஊரார் அனைவரும் செய்யுங்கால் மலிவை மிகுவிக்கின்றது. அமெரிக்க அரசு 1933-இல் இயற்றிய வேளாண்மைச் சீரமைப்புச் சட்டத்தால் கோதுமை முதலியவற்றின் பரப்பைக் குறைப்பார்க்குப் பணம் ஈந்தது. சென்னை அரசுக்கு அத்தகைய பொருளும் இல்லை; கருத்தும் இல்லை. மாற்றுப்பயிர் செய்தலும் எளிதன்று. புன்செய்யுடையார் 1932-இல் சர்க்கரைத் தொழிற்குக் கிடைத்த பாதுகாப்பால் கிணற்றடிக் கரும்புக்கு மாறினர். கோவைப் பகுதியினர்க்குப் பருத்தி இருந்தது. படுகையின் களிமண் வயலில் ஆனி முதல் தை வரை நீர் நிற்கும். குறுவையும் சம்பாவும் தாளடியுமன்றி அங்கே நிற்பது நாணல்தான். இவ்வாண்டுகளிலேயே, 1925-இல் தொடங்கிய மேட்டூர் அணை 1934 ஆகஸ்டில் திறக்கப்பட்டு, கல்லணைக் கால்வாய் முதலியவற்றால் தஞ்சையில் மூன்று இலட்சம் ஏக்கர் புதிதாக நீர்பெறும் திட்டமும் செயற்பட்டது. நெல் விலைபோகாத காலத்தில் நெல்வயலைப் பெருக்கிய அரசைக் குறைகூறுவார் உளர். யாம் அவ்வாறு கூறோம். அணைகள் நூறாண்டை நோக்கிக் கட்டப்படுவன. கிஸ்தியோ தையிலும் மாசியிலும் கேட்கப்படுவது.

குடிகளுக்கு எஞ்சிய முதல் வழி காத்திருத்தல். அறுவடைக்காலத்து விலைக்கும் ஐப்பசி விலைக்கும் உள்ள வேறுபாடே நெல்லுடையான் ஊதியம். பத்தாயமும் குதிரும் வைக்கோற்புரியாற் கட்டிய சேரும் அதற்கே அமைந்தன. ஆயின் காத்திருக்க வல்லான், கடனற்றவனும் பத்தாயமுடையவனுமே. ஐந்து மா உழுதவன் களத்திலேயே விற்றான். பலகால் களத்துக்கு வருமுன்னரே வணிகனுக்கு விலைபேசி முன்பணம் பெற்றிருந்தான். இக்குறையை நீக்கவே கூட்டுறவுக் கடன் விற்பனைச் சங்கங்கள் நெல்லை ஈடாகப் பெற்றுப் பணம் ஈந்தன. 1936-இல் சென்னை மாகாணக் கூட்டுறவு விற்பனைச் சங்கமும் நிறுவப்பட்டது. இம்முயற்சி போற்றற்குரியதே. எனினும் விலை ஆண்டுக்காண்டு இறங்கிக்கொண்டிருக்குங்கால், ஈடுவைத்துக் காத்திருந்தவனும் காவாது விற்றவனும் ஒன்றாகவே இழந்தனர். முன்னவன் வட்டியையும் சேர்த்து இழந்தான். பருவ வேறுபாட்டுக்கு மருந்தாகும் களஞ்சியம், பல்லாண்டு வீழ்ச்சிக்கு மருந்தாகாது.

இரண்டாவது வழி பொன். 1931 செப்டம்பர் 21-இல் இங்கிலாந்து பொன்திட்டத்தை விட்டது. ரூபாய், ஒரு சில்லிங்கு ஆறு பென்சு என்னும் வீதத்தில் இங்கிலாந்து நாணயத்தோடு பிணைந்திருந்தமையால், ரூபாயாற் கணிக்கும் பொன்விலை திடுமென ஏறிற்று. நெல் இறங்க, பொன் ஏறிற்று. தாலியொழிந்த நகைகள் ஊர்ப் பொற்கொல்லர் வாயிலாகவும் நகர வணிகர் வாயிலாகவும் உருகிப் பம்பாய்க்கும் அங்கிருந்து இலண்டனுக்கும் சென்றன. பல தலைமுறை நல்விளைவு மகளிர் கழுத்தில் சேமித்ததனைச் சில ஆண்டுகளின் கிஸ்தியும் வட்டியும் கொண்டுபோயின. விற்றார் விரும்பியே நல்விலைக்கு விற்றனர் என்று அக்காலத்து நிதித்துறையினர் மொழிந்தனர். பொன்னுக்கு நல்விலை கிடைத்தது மெய்யே. அவ்விலையால் வயலை மீட்டாரும் உளர். ஆயினும் அடுத்த இடுக்கணுக்கு வைத்திருந்த அரண் அதனோடு கழிந்தது.

மூன்றாவது, அரசை நோக்கி எழுந்த குரல். மிராசுதாரர் சங்கங்களும் ஆந்திரப் படுகைகளின் இரயத்துச் சங்கங்களும் தீர்வைக் குறைப்பை வேண்டின. ஓரளவு வஜா கிடைத்தது. 1937-இல் மறுநிலவரித் திட்டமுறையே கைவிடப்பட்டது. கடனோ தீர்வையினும் பெரிது. மாகாணத்தின் வேளாண்மைக் கடன் 150 கோடி ரூபாய் என 1930-இல் வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது; 1935-இல் சத்தியநாதன் அளித்த அறிக்கை அதனை 200 கோடியாகக் கணித்தது. ஐந்தாண்டில் கூடிய ஐம்பது கோடியும் புதுக்கடன் அன்று. அதில் பெரும்பங்கு கட்டமுடியாது முதலோடு சேர்ந்த வட்டியே எனல் தகும். இராசாசி அமைச்சரவை 1938-இல் இயற்றிய உழவர் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபர் முதல் நாளுக்கு முற்பட்ட கடன்களில் 1937 அக்டோபர் முதல் நாளில் நின்ற வட்டி முழுவதையும் நீக்கிற்று. அந்நாளுக்குப் பிற்பட்ட கடன்களுக்கு வட்டியை நூற்றுக்கு ஐந்தாக்கிற்று. முதலின் இருமடங்கு செலுத்தியோரைக் கடனினின்றும் விடுவித்தது. கடன்களை இங்ஙனம் நாட்குறித்துப் பகுத்தமை ஆழ்ந்து நோக்கற்பாலது. அதற்கு முன் வாங்கியவன் வாங்கியது மதிப்புக் குறைந்த ரூபாய். திருப்பவேண்டியது மதிப்பேறிய ரூபாய். அவ்வேறுபாட்டையே சட்டம் வட்டியை வெட்டுமுகத்தால் சமன்செய்தது எனலாம். ஒழுங்கு தீர்வைக்குச் செய்ததனை இச்சட்டம் கடனுக்குச் செய்தது.

இச்சட்டத்தில் சொல்லாராய்ச்சியார் கருத்தைக் கவர்வது உழவர் என்பதற்குத் தந்த வரையறை. நிலத்தில் விற்றற்குரிய உரிமையேனும் குடியுரிமையேனும் உடையாரையே அது உழவர் என்றது. மேழி பிடித்த பண்ணையாள் அச்சொல்லுக்குள் அடங்கான். பண்ணையாளுக்குக் கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. ஆதலின் விலைவீழ்ச்சி அவனைத் தீண்டவில்லை என்பாருண்டு. சோழர் காலத்துச் சபையார்க்கு யாம் கூறிய நெல்லளவின் பாதுகாப்பு இவனுக்கும் உண்டன்றோ என அவர் வினவலாம். வயிற்றளவில் அது மெய். ஆனால் துணியும் உப்பும் மண்ணெண்ணெயும் அவன் கூலிநெல்லை விற்றே கொண்டான். அந்நெல் பாதி வாங்கிற்று. நிலமுடையான் கைப்பணம் வற்றியபோது திருவிழாக் கொடையும் முன்பணமும் சுருங்கின. வாரக்குடிகளின் நிலையும் இதனின் வேறன்று. அரசு ஈந்த வஜா பட்டாதாரரைச் சேர்ந்தது. அதனை வாரக்குடிக்குப் பகிர்தல் வேண்டும் என்னும் கட்டுப்பாடு இரயத்துவாரி நிலத்தில் இல்லை. குடிவாரம் விளைவில் ஐந்திலிரண்டு என்று சட்டத்தால் வரையறுக்கப்பெற்றது 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபின்னரே. அதுவும் ஓரூரில் ஒரு வேலிக்கு மேற்பட்ட நிலமுடையாரையே பற்றிற்று.

இதே வீழ்ச்சி ஐராவதிப் படுகையில் எங்ஙனம் முடிந்தது என்பதனை ஒப்புநோக்குதல் நன்று. அங்கே பத்தாயமும் இல்லை. பல தலைமுறை நகையும் இல்லை. அண்மையிற் குடியேறிய பர்மிய உழவன் விதைப்பு முதல் அறுப்பு வரை கடனையே நம்பினான். 1930 திசம்பரில் தாராவதி மாவட்டத்தில் சயா சான் தலைமையில் எழுந்த கிளர்ச்சி, தலைவரித் தண்டலுக்கு எதிராகத் தொடங்கிப் பல மாவட்டங்களில் பரவிற்று. சயா சான் 1931-இல் தூக்கிலிடப்பட்டார். நெல் மிகும் பதின்மூன்று மாவட்டங்களில் 1930-இல் நிலத்தின் நூற்றுக்கு ஆறு பங்கே செட்டியார்கள் வசமிருந்தது; 1937-ஐயொட்டி அது நூற்றுக்கு இருபத்தைந்தாயிற்று. கடன்கொடுத்தார் நிலத்தை நாடிச் சென்றவரல்லர். வட்டியே வேண்டினர்; கிடைத்தது சேறு. நெல்விலை வீழ்ந்த காலத்தில் கைப்பற்றிய நிலத்தை விற்பாரும் இல்லை, வாங்குவாரும் இல்லை. உழவன் நிலமிழந்தான், செட்டியார் முதலிழந்தார். 1942-இல் சப்பானியர் படை புகுந்தபோது நிலமும் அவர் கைவிட்டுப் போயிற்று. நடந்தே அசாமுக்கு வந்த தமிழருள் கணக்கப்பிள்ளைகளும் கூலியாட்களும் ஒருங்கிருந்தனர்.

பர்மா வீழ்ந்தவுடன் அவ்வரிசி நின்றது. காவிரிப் படுகையில் நெல்விலை பன்மடங்காயிற்று. பதினைந்தாண்டாக வாங்குவாரைத் தேடிய நெல்லை அரசு அளவு குறித்துக் கொள்முதல் செய்யலாயிற்று. 1930-களில் வயலை இழவாது காத்தவர் அவ்விலையால் பழங்கடனை அடைத்தனர். போர் முடிந்தபின், நாராயணசாமி நாயுடு 1946-இல் சென்னை அரசுக்கு அளித்த ஊர்ப்புறக் கடன் அறிக்கை, 1939-க்கும் 1945-க்கும் இடையே மாகாணத்தின் மொத்தக் கடன் குறைந்ததனைக் காட்டுகின்றது. அக்குறைவு பெருநிலமுடையாரிடத்தே மிக்கும் சிறுநிலமுடையாரிடத்தே அருகியும் காணப்படுகின்றது. நிலமற்ற கூலியாட்களின் கடனோ அதே ஆறாண்டில் ஏறியுள்ளது.